ஆன்டிகுவாவுக்குக் கிடைத்த 2.1 கோடி டாலர் பதிலடி உரிமை ஏன் இன்னும் சும்மா கிடக்கிறது?

வாணிபன் (கேள்வி)

உலக வர்த்தக அமைப்பின் டிஎஸ் 285 வழக்கில் ஒரு இடத்தில் முட்டி நிற்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் விளக்கினால் நல்லது.

எனக்குப் புரிந்த வரை: 2003 மார்ச்சில் ஆன்டிகுவா-பார்புடா அமெரிக்கா மீது புகார் கொடுக்கிறது. தன் நாட்டிலிருந்து இணையம் வழியாக நடத்தும் பந்தயச் சேவையை அமெரிக்கா தடுக்கிறது என்பது புகார். 2005 ஏப்ரலில் மேல்முறையீட்டிலும் ஆன்டிகுவா ஜெயிக்கிறது. அமெரிக்கா சட்டத்தைத் திருத்தவில்லை. 2007 டிசம்பர் 21 அன்று நடுவர்கள், ஆண்டுக்கு 2.1 கோடி டாலர் வரை அமெரிக்கர்களின் அறிவுசார் சொத்துரிமைப் பாதுகாப்பை நிறுத்திவைக்கலாம் என்கிறார்கள். 2013 ஜனவரி 28 அன்று முறையான அனுமதியும் வந்துவிட்டது. "இனி ஆன்டிகுவாவிலிருந்து ஹாலிவுட் படம் சட்டப்படியே மலிவு விலையில் கிடைக்கும்" என்று அப்போது பல பத்திரிகைகள் எழுதின. அப்படி ஒரு தளம் வரவே இல்லை.

என் சந்தேகங்கள் இவை. சூதாட்டச் சேவை பற்றிய வழக்கு எப்படிப் பதிப்புரிமைக்குத் தாவுகிறது? 2.1 கோடி என்ற கணக்கை எதை வைத்து அளப்பது, படத்தின் விற்பனை விலையா, ராயல்டியா? அங்கே எடுத்த நகலை வேறு நாட்டுக்கு விற்க முடியுமா? இந்த உரிமையை உண்மையில் யாராவது பயன்படுத்திப் பலன் கண்டிருக்கிறார்களா? கடைசியாக, இந்தியாவுக்கு இப்படி ஓர் அனுமதி கிடைத்தால் நம் சட்டத்தில் அதற்கு வழி இருக்கிறதா?

நெய்தல்

முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன். மற்றதைப் 'பழைய கோப்பு' ஐயா எழுதினால் பொருத்தமாக இருக்கும்.

தாவுவதற்கு வழி உலக வர்த்தக அமைப்பின் தகராறு தீர்வு உடன்பாட்டின் 22.3-ஆம் விதி. அதில் மூன்று படிகள். எந்தத் துறையில் மீறல் நடந்ததோ அதே துறையில்தான் முதலில் பதிலடி கொடுக்கப் பார்க்க வேண்டும். அது நடைமுறைக்கு ஒவ்வாது, அல்லது பலன் தராது என்றால் அதே ஒப்பந்தத்தின் வேறு துறை. அதுவும் ஒவ்வாது, நிலைமையும் போதிய அளவு தீவிரமானது என்றால்தான் வேறு ஒப்பந்தம். சரக்கு, சேவை, டிரிப்ஸ் (அறிவுசார் சொத்துரிமை) மூன்றும் தனித்தனி ஒப்பந்தங்கள். சேவை வழக்கிலிருந்து டிரிப்ஸுக்குப் போவது மூன்றாம் படி. இதைத்தான் குறுக்குப் பதிலடி என்கிறார்கள்.

விவ் ரிச்சர்ட்ஸ் பிறந்த ஆன்டிகுவாவின் மக்கள்தொகை ஒரு லட்சத்தைத் தொடாது. அமெரிக்கச் சேவைகளை அது தடுத்தால் அமெரிக்கா உணரவே உணராது. தன் மக்கள்தான் கூடுதல் விலை கொடுத்து அவதிப்படுவார்கள். இந்த வாதத்தை நடுவர்கள் ஏற்றார்கள். பதிப்புரிமை, டிரேட்மார்க், தொழில் வடிவமைப்பு, காப்புரிமை, வெளியிடப்படாத தகவல் ஆகிய ஐந்து பகுதிகளிலும் அனுமதி கிடைத்தது. புவிசார் குறியீடு அந்தப் பட்டியலில் இல்லை.

தொகையில்தான் ஆன்டிகுவா அடி வாங்கியது. அது கேட்டது ஆண்டுக்கு 344.3 கோடி டாலர். அமெரிக்கா 5 லட்சத்துக்கு மேல் கிடையாது என்றது. இவ்வளவு பெரிய இடைவெளிக்குக் காரணம் மேல்முறையீட்டுத் தீர்ப்பிலேயே இருக்கிறது. பொது ஒழுக்கத்தைக் காக்கத் தடை போடலாம் என்பதை அந்தத் தீர்ப்பு ஒப்புக்கொண்டது. ஆனால் குதிரைப் பந்தயத்தில் உள்நாட்டு நிறுவனங்களுக்கு மட்டும் தொலைவழிப் பந்தயம் நடத்த இடம் இருப்பதால் பாகுபாடு இல்லை என்று அமெரிக்கா நிரூபிக்கவில்லை என்றது. ஆகவே, அமெரிக்கா குதிரைப் பந்தயத்தை மட்டும் திறந்துவிட்டிருந்தால் ஆன்டிகுவாவுக்கு எவ்வளவு வருமானம் வந்திருக்கும் என்று நடுவர்கள் கணக்குப் போட்டார்கள். எல்லாச் சூதாட்டத்தையும் திறந்துவிட்டதாகக் கணக்குப் போடவில்லை. 344 கோடி 2.1 கோடியாகச் சுருங்கியது அங்கேதான். பதிலடித் தொகையைக் கேட்பவர்கள் பெரும்பாலும் தடுக்கி விழும் இடம் இது: "சட்டத்தைத் திருத்தியிருந்தால் எப்படித் திருத்தியிருப்பார்கள்" என்ற ஊகத்தை யார் நிர்ணயிக்கிறார்களோ அவர்கள் பக்கம்தான் தொகை சாயும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இந்தத் தொகை நஷ்டஈடு அல்ல. 2003 முதல் இழந்த வருமானத்துக்கு ஒரு காசு கிடையாது. அமெரிக்காவுக்குக் கொடுத்த நியாயமான கால அவகாசம் 2006 ஏப்ரல் 3 அன்று முடிந்தது. அதற்குப் பிறகு தொடரும் மீறலுக்கு மட்டுமே பதிலடி.

பழைய கோப்பு

நெய்தல் சொன்னதோடு சேர்த்து ஒரு முன்னோடியைப் படித்தால்தான் கணக்கு பிடிபடும். 2000 மார்ச் 24 அன்று ஈக்வடார் வாழைப்பழ வழக்கில் (டிஎஸ் 27) வந்த நடுவர் தீர்ப்பு. குறுக்குப் பதிலடி வழியாக டிரிப்ஸைத் தொட அனுமதித்த முதல் தீர்ப்பு அதுதான். ஐரோப்பாவுக்கு எதிராக ஆண்டுக்கு 20.16 கோடி டாலர். முதலில் நுகர்பொருள் இறக்குமதி, மொத்த வியாபாரச் சேவை. அது போதாவிட்டால் டிரிப்ஸ். டிரிப்ஸில் அதற்குக் கிடைத்தவை 14-ஆம் விதி, புவிசார் குறியீடு, தொழில் வடிவமைப்பு.

ஒரு இசைத்தட்டைக் கையில் எடுத்துப் பாருங்கள். 14-ஆம் விதி காப்பது பாடியவர், இசைத்தவர், ஒலிப்பதிவுத் தயாரிப்பாளர், ஒலிபரப்பு நிறுவனம் ஆகியோரை. மெட்டுப் போட்டவரும் பாட்டு எழுதியவரும் அதில் வரமாட்டார்கள். அவர்களின் உரிமை வேறு விதிகளில் இருக்கிறது, அதை ஈக்வடார் கேட்கவே இல்லை. அப்படியானால் தயாரிப்பாளரின் உரிமையை நிறுத்திவைத்த பிறகும், தட்டை நகலெடுக்க மெட்டுப் போட்டவரின் அனுமதி வேண்டும். அதோடு முடியவில்லை. ஈக்வடார் தன் கோரிக்கையிலிருந்து நெதர்லாந்தையும் டென்மார்க்கையும் விலக்கிவைத்திருந்தது. மீதி, ஐரோப்பிய ஒன்றியத்தின் 13 உறுப்பு நாடுகள். தயாரிப்பாளர் பிரெஞ்சு நிறுவனம், பாடியவர் டேனிஷ்காரர் என்றால் அந்தத் தட்டைத் தொட முடியாது. ஒவ்வொரு தட்டுக்கும் உரிமைதாரர் ஒவ்வொருவரின் தேசியத்தையும் சரிபார்த்த பிறகுதான் அச்சடிக்கலாம். ஈக்வடார் இந்த உரிமையைக் கடைசிவரை பயன்படுத்தவில்லை. 2001-இல் ஐரோப்பாவோடு உடன்பாட்டுக்கு வந்துவிட்டது.

ஆன்டிகுவாவுக்கு வருவோம். ஹாலிவுட் படம் என்றாலும் இதே தலைவலிதான். தயாரிப்பு நிறுவனம் அமெரிக்காவினுடையது, பின்னணி இசையின் உரிமை ஓர் ஆங்கிலேயரிடம், கதையின் உரிமை ஒரு கனடாக்காரரிடம் என்றால் அந்தப் படம் முழுக்க உங்கள் கைக்கு வராது. அமெரிக்கருடைய பங்கு மட்டும்தான் நிறுத்திவைக்கப்பட்டிருக்கிறது.

அடுத்து அளவு. 22.4-ஆம் விதிப்படி பதிலடி, இழப்புக்குச் சமமாக இருக்க வேண்டும். மிஞ்சக் கூடாது. சரக்கு என்றால் எளிது, சுங்கத் துறை ஏட்டில் இறக்குமதி மதிப்பு இருக்கும். பதிப்புரிமைக்கு அப்படி ஒரு ஏடு இல்லை. கணக்குக்காக ஒரு பதிவிறக்கத்தின் கடை விலை 10 டாலர், அதில் உரிமைதாரருக்குப் போக வேண்டியது 1 டாலர் என்று வைப்போம். கடை விலையில் எண்ணினால் 21 லட்சம் பதிவிறக்கத்தில் வரம்பு முடிந்துவிடும். ராயல்டியில் எண்ணினால் 2.1 கோடி பதிவிறக்கம் வரை போகலாம். பத்து மடங்கு வித்தியாசம். எது சரி என்று நடுவர்கள் சொல்லவில்லை. அளவு மிஞ்சாதபடி வெளிப்படையாக நடத்த வேண்டும் என்பதோடு நிறுத்திக்கொண்டார்கள். என்னைக் கேட்டால் ராயல்டிதான் சரி, ஏனென்றால் அமெரிக்க உரிமைதாரர் உண்மையில் இழப்பது அதைத்தான். ஆனால் அமெரிக்கா கடை விலையை எடுத்துக்கொண்டு "வரம்பு தாண்டிவிட்டது" என்று ஜெனிவாவில் எழுந்து நிற்கும். அதற்குப் பதில் சொல்ல, முதல் நாளிலிருந்தே ஒவ்வொரு பதிவிறக்கத்தையும் எண்ணும் மீட்டர், யாருடைய பங்கு எவ்வளவு என்ற பதிவேடு, ஆண்டு வரம்பு தொட்டவுடன் மூடும் குழாய் மூன்றும் தயாராக இருக்க வேண்டும்.

ஏற்றுமதி: முடியாது என்றே வையுங்கள். அனுமதி ஆன்டிகுவாவின் எல்லைக்குள் மட்டும். மற்ற நாடுகளில் அமெரிக்கரின் பதிப்புரிமை அப்படியே உயிரோடு இருக்கிறது. டிரிப்ஸ் 51-ஆம் விதிப்படி திருட்டு நகல் இறக்குமதியாவதைத் தடுக்க எல்லா உறுப்பு நாடுகளும் வழி வைத்திருக்க வேண்டும். அந்த விதியின் அடிக்குறிப்பு, திருட்டு நகல் என்பதை "உற்பத்தியான நாட்டில் உரிமைதாரரின் சம்மதம் இல்லாமல் எடுத்த நகல்" என்ற வகையில் வரையறுக்கிறது. ஆன்டிகுவா அரசு அனுமதித்தாலும் உரிமைதாரர் சம்மதிக்கவில்லையே! ஆகவே சரக்குக் கப்பலில் ஏற்றினால் அடுத்த துறைமுகத்தில் பிடிபடும். இணையம் வழியாக வெளிநாட்டவருக்கு விற்றாலும் வாங்குபவரின் நாட்டுச் சட்டம் குறுக்கே நிற்கும்.

உள்நாட்டுச் சந்தை மட்டும்தான் மிச்சம். 2.1 கோடி டாலரை ஒரு லட்சம் பேருக்குப் பங்கிட்டால் தலைக்கு ஆண்டுக்கு 210 டாலர். கைக்குழந்தை முதல் கிழவி வரை அத்தனை பேரும் அவ்வளவு டாலருக்குப் படமும் மென்பொருளும் வாங்கினால்தான் கணக்கு நிரம்பும். காகிதத்தில் சிறியதாகத் தெரியும் 2.1 கோடி, அந்தத் தீவுக்குள் செலவழிக்க முடியாத அளவுக்குப் பெரியது.

தாழை

இவ்வளவு சட்டக் காரணம் எதற்கு? பயம்தான் காரணம். நகலெடுக்க ஆரம்பித்த மறுநாளே அமெரிக்கா, அறிவுசார் சொத்துரிமையைச் சரியாகக் காக்காத நாடுகளுக்காக ஆண்டுதோறும் வெளியிடும் ஸ்பெஷல் 301 பட்டியலில் சேர்த்துத் தடை போட்டுவிடும்.

நெய்தல்

தாழை, பயம் ஒரு காரணம் என்பது உண்மை. ஆனால் பட்டியலில் சேர்த்த உடனே தடை வராது. ஸ்பெஷல் 301 அறிக்கையில் மூன்று தட்டு உண்டு: கண்காணிப்புப் பட்டியல், முன்னுரிமைக் கண்காணிப்புப் பட்டியல், முன்னுரிமை அயல்நாடு. முதல் இரண்டும் பெயரைச் சொல்லி நெருக்குவதோடு சரி. இந்தியா பல ஆண்டுகளாக இரண்டாவது தட்டில்தான் இருக்கிறது. மூன்றாவதில் வைத்தால்தான் 1974 வர்த்தகச் சட்டத்தின் 301-ஆம் பிரிவு விசாரணைக்கு வழி திறக்கும். 1991-இல் இந்தியா, சீனா, தாய்லாந்து மூன்றையும் அங்கே வைத்தார்கள். அடுத்த ஆண்டு இந்திய மருந்து, இரசாயனப் பொருள்கள் சிலவற்றுக்கு இருந்த வரிச்சலுகை பறிபோனது. ஒளித்தட்டுத் திருட்டைக் கட்டுப்படுத்தவில்லை என்று உக்ரைனின் 7.5 கோடி டாலர் ஏற்றுமதிக்கு 2002-இல் வரி போட்டு, 2005 வரை எடுக்கவில்லை. உக்ரைன் அப்போது உலக வர்த்தக அமைப்பில் உறுப்பினர் அல்ல, அதனால் கேட்க நாதியில்லை.

ஆன்டிகுவா உறுப்பினர். தகராறு தீர்வு அமைப்பின் அனுமதியோடு செய்வதைக் காரணம் காட்டி அதன் மேல் வரி போட்டால் அதுவே இன்னொரு மீறல். அதனால் அமெரிக்கா வேறு வழியில் அழுத்தியது. 2013-இல் அதன் வர்த்தகப் பிரதிநிதி அலுவலகம் இதை "அரசே அனுமதிக்கும் திருட்டு" என்ற பொருளில் கண்டித்து, அன்னிய முதலீடு வராமல் போகும், சமரசப் பேச்சும் கெடும் என்று வெளிப்படையாக எச்சரித்தது. சுற்றுலாவை நம்பி வாழும் நாட்டுக்கு அது போதும்.

வாணிபன்

அப்படியானால் இது வெறும் ஏட்டுச் சுரைக்காய்தானா? பிரேசில் பருத்தி வழக்கில் இதைக் காட்டித்தான் அமெரிக்காவைப் பணிய வைத்தது என்று படித்தேனே?

கருவேலன்

ஏட்டுச் சுரைக்காய் இல்லை. சமைக்கத் தெரிந்தால் கறிக்கு உதவும். பிரேசில் சமைத்துக் காட்டியது.

டிஎஸ் 267. அமெரிக்கப் பருத்தி மானியம் பற்றிய வழக்கு. 2009 ஆகஸ்ட் 31 அன்று நடுவர் தீர்ப்பு. அதில் ஒரு வாசல்படி வைத்தார்கள்: அமெரிக்காவிலிருந்து வரும் நுகர்பொருள் இறக்குமதியை வைத்து ஆண்டுதோறும் ஓர் அளவு கணக்கிட வேண்டும். அதுவரை சரக்கில் மட்டும் பதிலடி, அதைத் தாண்டிய தொகைக்குத்தான் சேவையிலும் டிரிப்ஸிலும் கை வைக்கலாம். 2010-க்குப் பிரேசில் போட்ட கணக்கு ஏறத்தாழ 82.9 கோடி டாலர். அதில் 59.1 கோடி சரக்குக்கு, மீதி 23.8 கோடி குறுக்குப் பதிலடிக்கு.

அடுத்து நடந்ததைத் தேதி வாரியாகப் பாருங்கள். 2010 பிப்ரவரியில் குறுக்குப் பதிலடிக்கு வழி செய்யும் அவசரச் சட்டம். மார்ச்சில் 102 சரக்குகளுக்கு உயர்த்திய வரிப் பட்டியல். அதே மார்ச்சில் அறிவுசார் சொத்துரிமையில் எடுக்கக்கூடிய 21 நடவடிக்கைகளின் வரைவு, பொதுமக்கள் கருத்துக்கு. ஏப்ரலில் அமெரிக்கா பேச்சுக்கு வந்துவிட்டது. ஆண்டுக்கு 14.73 கோடி டாலர் பிரேசிலின் பருத்தி விவசாயிகளுக்கான நிறுவனத்துக்குத் தருவதாக ஒப்புக்கொண்டது. 2014 அக்டோபரில் 30 கோடி டாலர் கொடுத்து வழக்கை முடித்துக்கொண்டார்கள். ஒரு இசைத்தட்டைக்கூட யாரும் நகலெடுக்கவில்லை.

இந்த வழக்கில் நான் மிகவும் மதிப்பது அந்தச் சட்டத்தின் அமைப்பை. ஜூனில் அது 12,270 எண்ணுள்ள சட்டமாக நிலைபெற்றது. உரிமையை நிறுத்துவது, அதன் காலத்தைக் குறைப்பது, உரிமைதாரர் அனுமதியில்லாமல் உரிமம் கொடுப்பது எல்லாம் அதில் உண்டு. கூடவே இரண்டு கருவிகள் வைத்தார்கள்: உரிமைதாரருக்குப் போகும் ராயல்டியின் மேல் வரி போடுவது, ராயல்டி வெளிநாட்டுக்குப் போவதைத் தற்காலிகமாக நிறுத்துவது.

'பழைய கோப்பு' ஐயா மேலே சொன்ன மீட்டர் சிக்கலை இப்போது இதில் பொருத்திப் பாருங்கள். ராயல்டி வங்கி வழியாகத்தான் வெளியே போகிறது. யாருக்கு, எந்த நாட்டுக்கு, எவ்வளவு, எந்த ஒப்பந்தத்தின் பேரில் என்பதெல்லாம் அந்நியச் செலாவணிப் பதிவிலேயே இருக்கிறது. அமெரிக்க உரிமைதாரருக்குப் போகும் தொகையில் இத்தனை சதவீதம் என்று பிடித்தால் பதிலடியின் அளவு கடைசிக் காசு வரை தெரியும். ஆங்கிலேய இசையமைப்பாளரின் பங்கு தொடப்படாது. ஏற்றுமதிப் பிரச்சினையே எழாது. சமரசம் வந்தால் மறுநாளே நிறுத்திவிடலாம், ஆனால் ஊரெல்லாம் பரவிய நகலைத் திரும்ப எடுக்க முடியாது. பணமும் கள்ளச் சந்தைக்குப் போகாமல் கருவூலத்துக்கு வருகிறது. ஆன்டிகுவா மலிவு விலைத் தளம் என்ற பேச்சை விட்டுவிட்டு இந்த வழியை எடுத்திருக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அங்கிருந்து அமெரிக்காவுக்குப் போகும் ராயல்டி குறைவாக இருக்கலாம், 2.1 கோடியை எட்டாமலும் போகலாம். ஆனால் அது உண்மையில் வசூலிக்கக்கூடிய பணம்.

பிரேசிலின் பலம் இன்னொரு இடத்திலும் இருக்கிறது. அங்கே அமெரிக்க மருந்து, விதை, படம், மென்பொருள் நிறுவனங்களுக்குப் பெரிய சந்தை. பருத்தி மானியத்தால் அவர்களுக்கு ஒரு பைசா லாபம் இல்லை. பருத்தி விவசாயிக்காகத் தங்கள் ராயல்டி ஏன் போக வேண்டும் என்று அவர்கள் வாஷிங்டனில் கேட்பார்கள். சரக்கு வரியில் வராத அழுத்தம் அது. உள்நாட்டு நுகர்வோருக்கும் விலை ஏறாது.

பழைய கோப்பு

கருவேலன் எழுதியதை அப்படியே ஏற்கிறேன். சின்னச் சேர்க்கை ஒன்று: டிரிப்ஸ் கடமையை நிறுத்த அனுமதி கிடைத்தாலும், பதிப்புரிமைக்கான பன்னாட்டு ஒப்பந்தமான பெர்ன் உடன்படிக்கையில் அந்த நாடு தனியாகக் கையெழுத்திட்டிருக்கும். ஈக்வடார் தீர்ப்பில் நடுவர்கள் அது தங்கள் வேலை இல்லை, சம்பந்தப்பட்ட நாடுகள் பார்த்துக்கொள்ள வேண்டியது என்று ஒதுங்கிக்கொண்டார்கள். நகலெடுக்க அனுமதித்தால் இந்தக் கேள்வி நேரே எழும். உரிமையை அப்படியே விட்டுவிட்டு ராயல்டிக்கு வரி மட்டும் பிடித்தால் இந்தக் கேள்வி மிகவும் மெலிந்துவிடும். பிரேசில் வழிக்கு இதுவும் ஒரு சாதகம்.

வாணிபன், எதிர்ப்பக்கத்தையும் பார்த்துவிடுங்கள். அறிவுசார் சொத்துரிமையை மீறியதற்காகவே அமெரிக்கா தோற்ற வழக்கு, டிஎஸ் 160. அயர்லாந்து இசை உரிமைச் சங்கத்தின் முறையீட்டில் தொடங்கி ஐரோப்பா கொண்டுபோனது. 1998-இல் அமெரிக்கா திருத்திய 110(5)(பி) பிரிவுப்படி, 3,750 சதுர அடிக்குக் குறைவான உணவகம், மது அருந்தகத்திலும் 2,000 சதுர அடிக்குக் குறைவான கடையிலும் வானொலி, தொலைக்காட்சிப் பாட்டை ராயல்டி இல்லாமல் ஒலிக்கவிடலாம். அதைவிடப் பெரிய இடமாக இருந்தாலும் மொத்தம் 6 ஒலிபெருக்கி, ஓர் அறைக்கு 4-க்கு மிகாமல், 55 அங்குலத்துக்கு மிகாத 4 தொலைக்காட்சி என்ற வரம்புக்குள் இருந்தால் கட்டணம் இல்லை. 2000-இல் பேனல் (வழக்கை முதலில் விசாரிக்கும் குழு) இதை டிரிப்ஸ் 13-ஆம் விதிக்கு முரண் என்றது. விதிவிலக்கு என்பது சில குறிப்பிட்ட நேர்வுகளுக்குத்தான், பெரும்பான்மை உணவகங்கள் அதற்குள் விழுந்தால் அது விதிவிலக்கே அல்ல என்பது வாதத்தின் சாரம்.

தோற்ற அமெரிக்கா சட்டத்தைத் திருத்தவில்லை. 2001 நவம்பரில் நடுவர்கள் இழப்பை ஆண்டுக்கு 12,19,900 யூரோ என்று கணித்தார்கள். மூன்று ஆண்டுக்கு 33 லட்சம் டாலர் கட்டிவிட்டு அமெரிக்கா நகர்ந்தது. அந்தப் பிரிவு இன்றும் சட்டப் புத்தகத்தில் இருக்கிறது. மற்ற நாடுகளுக்குப் பதிப்புரிமைப் பாடம் எடுக்கும் நாடு இப்படி நடந்துகொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது. இதே காலத்தில் இந்தியா டிஎஸ் 50-இல் தோற்றது நினைவிருக்கும். மருந்துக் காப்புரிமை விண்ணப்பங்களை வாங்கிவைக்கும் 'அஞ்சல்பெட்டி' ஏற்பாட்டுக்கு நிர்வாக உத்தரவு போதாது, சட்டம் வேண்டும் என்று தீர்ப்பு. 1999 ஏப்ரல் 19 கெடு. மார்ச்சிலேயே காப்புரிமைச் சட்டத்தைத் திருத்தி முடித்துவிட்டோம்.

வாணிபன்

மிகவும் நன்றி. இந்தியச் சட்டத்தில் வழி உண்டா என்ற கடைசிக் கேள்வி பாக்கி.

கருவேலன்

அப்படியே எடுத்துப் பயன்படுத்த வழி இல்லை. பக்கத்தில் வருவன சில உண்டு, ஆனால் எதுவும் இந்தப் பூட்டுக்குச் செய்த சாவி அல்ல.

பதிப்புரிமைச் சட்டம் 40-ஆம் பிரிவு: வெளிநாட்டுப் படைப்புக்கு இங்கே பாதுகாப்பு கிடைப்பதே மத்திய அரசின் ஆணை வழியாகத்தான். அந்த ஆணையைத் திருத்தி ஒரு நாட்டைக் குறைக்க முடியும் என்பது ஒரு கைப்பிடி. 42-ஆம் பிரிவைப் பலர் காட்டுவார்கள். அது முதன்முதலில் இந்தியாவில் வெளியான, வெளிநாட்டவர் எழுதிய படைப்புக்கு மட்டும் பொருந்துவது. அதுவும் அந்த நாடு இந்திய ஆசிரியர்களுக்குப் போதிய பாதுகாப்பு தராவிட்டால்தான். காப்புரிமைச் சட்டம் 134-ஆம் பிரிவும் அப்படியே: இந்தியருக்குத் தன் குடிமகனுக்கு இணையான காப்புரிமை தராத நாட்டை அறிவிக்கை வெளியிட்டு விலக்கலாம்.

குறை எங்கே என்று கவனியுங்கள். இவையெல்லாம் "நீ எனக்குப் பதிப்புரிமை தரவில்லை, நான் உனக்குத் தரமாட்டேன்" என்ற வகை. குறுக்குப் பதிலடியில் எதிரி நாடு நம் எழுத்தாளரை ஒன்றும் செய்திருக்காது. நம் எஃகையோ சேவையையோ தடுத்திருக்கும். எஃகுக்காக 134-ஆம் பிரிவை எடுத்தால் உயர் நீதிமன்றத்தில் முதல் நாளே நிற்காது. ஏற்கெனவே கொடுத்த காப்புரிமை சொத்து என்பதால் இழப்பீட்டு வழக்கும் வரும். 2019-இல் அமெரிக்காவுக்குப் பதிலடியாக இந்தியா 28 பொருள்களுக்கு வரியை உயர்த்தியபோது பாதாம், அக்ரூட், ஆப்பிள் என்று சரக்கோடு நின்றது. சுங்க வரிக்குச் சட்டக் கருவி கைவசம் இருந்தது. ராயல்டிக்கு இல்லை.

வேண்டியது பிரேசில் மாதிரி தனிச் சட்டம் ஒன்று: தகராறு தீர்வு அமைப்பின் அனுமதி இருந்தால் மட்டும் செயல்படும், தொகைக்கு உச்சவரம்பு, ராயல்டி வெளியேற்றத்தில் வரி, எதிரி நாடு இணங்கியவுடன் தானாகக் காலாவதி. வழக்கு வந்த பிறகு இதை எழுத உட்கார்ந்தால் நேரம் போதாது. பிரேசில் நடுவர் தீர்ப்புக்கும் அவசரச் சட்டத்துக்கும் இடையில் அரை ஆண்டுக்குள் முடித்தது.

நெய்தல்

கருவேலன் சொன்ன சட்டத்துக்கு முன்னால் இன்னொரு அடைப்பு இருக்கிறது, அதையும் வாணிபன் குறித்துக்கொள்ளட்டும். பதிலடித் தொகையை நிர்ணயிக்கும் 22.6-ஆம் விதி நடுவர்களிடம் போக வேண்டுமானால் பேனல் அறிக்கை முதலில் ஏற்கப்பட்டிருக்க வேண்டும். 2019 டிசம்பரிலிருந்து மேல்முறையீட்டு அமைப்பில் வழக்கைக் கேட்கப் போதிய உறுப்பினர் இல்லை. தோற்றவர் மேல்முறையீடு என்று ஒரு தாளைக் கொடுத்தால் அறிக்கை அங்கேயே கிடக்கும். கத்தாரின் பீஇன் நிறுவனத்தின் விளையாட்டு ஒளிபரப்பைத் திருடிய பீஅவுட்கியூ என்ற ஒளிபரப்பு விவகாரத்தில் கத்தார் 2020 ஜூனில் சவூதி அரேபியாவுக்கு எதிராகப் பேனல் தீர்ப்பு வாங்கியது (டிஎஸ் 567). ஜூலையில் சவூதி மேல்முறையீடு செய்தது, அறிக்கை ஏற்கப்படவே இல்லை. இரு நாட்டு உறவு சீரான பிறகு 2022-இல் கத்தார் வழக்கை முடித்துக்கொண்டது.

இதைத் தவிர்க்க ஐரோப்பிய ஒன்றியம், சீனா, பிரேசில் முதலிய நாடுகள் தங்களுக்குள் ஒரு மாற்று நடுவர் ஏற்பாட்டை வைத்திருக்கின்றன. தொலைபேசித் தொழில்நுட்பக் காப்புரிமை பற்றி வெளிநாட்டில் வழக்கு நடத்தினால் நாளுக்கு 10 லட்சம் யுவான் அபராதம் என்று சீன நீதிமன்றம் போட்ட தடை குறித்த டிஎஸ் 611-இல், 2025 ஜூலையில் அந்த வழியாகத்தான் ஐரோப்பாவுக்குச் சாதகமான இறுதி முடிவு வந்தது. இந்தியாவும் அமெரிக்காவும் அந்த ஏற்பாட்டில் இல்லை. ஆகவே இன்று இந்தியா அமெரிக்கா மீது வழக்குப் போட்டு ஜெயித்தாலும், ஆன்டிகுவா 2013-இல் நின்ற இடத்துக்கு வந்துசேர அமெரிக்கா மேல்முறையீடு செய்யாமல் விட வேண்டும், அல்லது வழக்கின் தொடக்கத்திலேயே 25-ஆம் விதிப்படி நடுவரை ஏற்பதாக எழுதிக் கொடுக்க வேண்டும்.

மூல ஆவணம் படிக்க: ஆன்டிகுவா தொகைத் தீர்ப்பு டபிள்யூடி/டிஎஸ்285/ஏஆர்பி, ஈக்வடார் தீர்ப்பு டபிள்யூடி/டிஎஸ்27/ஏஆர்பி/ஈசியூ. இரண்டில் ஈக்வடாரை முதலில் படியுங்கள். 14-ஆம் விதியையும் மூன்றாம் நாட்டு ஏற்றுமதியையும் பற்றிய பத்திகள் அதன் கடைசிப் பகுதியில் வருகின்றன.